உயர்நிலைப் பள்ளியில் ஆல்பைன் ஸ்கீ பந்தய அணி: புதிதாகத் தொடங்குவதா, பக்கத்துப் பள்ளி அணியில் சேர்வதா?

கேள்வி: டெட்ராய்ட் புறநகரில் வசிக்கும் ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகள் வரும் கல்வியாண்டில் 9ஆம் வகுப்புக்குச் செல்கிறாள். நடுநிலைப் பள்ளியின் ஸ்கீ கிளப் பேருந்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் பைன் நாப் குன்றுக்குப் போய்வரத் தொடங்கியவள், இப்போது நீலக் குறியிட்ட சரிவுகளில் தடுமாறாமலும் கறுப்பு வைரக் குறியிட்ட சரிவுகளில் சற்று எச்சரிக்கையோடும் இறங்கும் அளவுக்குத் தேறியிருக்கிறாள். ஆனால் பந்தயக் கம்பங்களுக்கு இடையே அவள் சறுக்கியதே இல்லை.

அவள் சேரவிருக்கும் உயர்நிலைப் பள்ளியில் கூடைப்பந்து, நீச்சல், பௌலிங் எல்லாம் இருக்கின்றன. ஸ்கீ அணி மட்டும் இல்லை. எங்கள் மாவட்டத்தை ஒட்டியுள்ள இன்னொரு பள்ளி மாவட்டத்தில் அணி இருக்கிறது. என் மகளும் அவளுடைய தோழிகள், வகுப்பு மாணவர்கள் சிலருமாக ஆறேழு பேர் சேர்ந்து "நாமே ஓர் அணி தொடங்கினால் என்ன" என்று பேசிக்கொள்கிறார்கள். நானும் என் கணவரும் மதுரையில் வளர்ந்தவர்கள். பனியையே வேலைக்காக இங்கு வந்த பிறகுதான் பார்த்தோம். எனவே இதில் எங்கே தொடங்குவது, யாரிடம் கேட்பது என்பதுகூட எங்களுக்குத் தெரியவில்லை.

நான் அறிய விரும்புவது மூன்று. பள்ளியில் அணி தொடங்க யாரை, எந்த வரிசையில் அணுக வேண்டும்? சிறு வயதிலிருந்தே கிளப்பில் பந்தயப் பயிற்சி பெறாத பிள்ளையை அணியில் எடுத்துக்கொள்வார்களா? செலவும் ஆபத்தும் உண்மையில் எவ்வளவு? என் கணவருக்கு முழங்கால் பற்றிய கவலை அதிகம். அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில் 1: ஓக்லாண்ட் கவுன்டியைச் சேர்ந்த ஒரு தந்தை, அணியின் பெற்றோர் குழுவில் இருப்பவர்

வணக்கம் அம்மா. எங்கள் பள்ளி அணியும் முதலில் வெறும் கிளப்பாக இருந்து, பிறகுதான் முறையான பள்ளி அணியானது. அந்த மாற்றத்தின்போது பெற்றோர் குழுவில் இருந்தவன் என்ற முறையில், உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

மிச்சிகனில் பள்ளி விளையாட்டுகளை நிர்வகிப்பது மிச்சிகன் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கம். ஸ்கீ பந்தயம் அச்சங்கம் அங்கீகரித்த குளிர்கால விளையாட்டு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக, கம்பங்களைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம், ஜெயன்ட் ஸ்லாலம் என்ற இரு பிரிவுகளிலும் மாநில இறுதிப் போட்டி வரை நடக்கிறது. ஆகவே உங்கள் பள்ளி ஏதோ புதுமையான ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே இருக்கும் லீக்குக்குள் இன்னொரு பள்ளியாக நுழைய வேண்டும், அவ்வளவுதான்.

பலரும் நேராகப் பள்ளி முதல்வரிடமோ கல்வி வாரியக் கூட்டத்துக்கோ போய் மனுக் கொடுக்கிறார்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதலில் போக வேண்டிய இடம் ஸ்கீ குன்று. பைன் நாப், மவுண்ட் ஹாலி, மவுண்ட் பிரைட்டன், ஆல்பைன் வேலி போன்ற நம் பக்கத்துக் குன்றுகளில் வார நாள் மாலைகளில் பயிற்சிக்குத் தடம் ஒதுக்குவதற்கு ஓர் எல்லை உண்டு. லீக்கில் உள்ள பள்ளிகளே அந்த நேரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. புதிய பள்ளி ஒன்றுக்குச் சரிவும், கம்பங்களும், வாரத்தில் குறிப்பிட்ட நாட்களும் கிடைக்குமா, ஒரு மாணவருக்குப் பருவ அனுமதிக்கு எவ்வளவு கேட்பார்கள் என்பதைக் குன்றின் பந்தயப் பொறுப்பாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து, பயிற்சியாளராக வரச் சம்மதிக்கும் ஒருவரைத் தேடுங்கள். தடமும் பயிற்சியாளரும் கையில் இருந்தால்தான் பள்ளியின் அத்லெடிக் டைரக்டர், அதாவது விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர், உங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பார். இரண்டும் இல்லாமல் "பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள்" என்று மட்டும் சொன்னால், மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

அத்லெடிக் டைரக்டர் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ எல்லாப் பள்ளிகளிலும் ஒன்றுதான். பயிற்சியாளருக்குச் சம்பளம் யார் தருவது, பேருந்து உண்டா அல்லது பெற்றோரே அழைத்துச் செல்வார்களா, ஆண், பெண் இரு அணிகளுக்கும் ஆள் சேருமா, நான்கு ஆண்டு கழித்து இந்தப் பிள்ளைகள் பட்டம் பெற்றுப் போன பிறகு அணி நிலைக்குமா. கடைசிக் கேள்விக்குத்தான் நல்ல பதில் தயாராக இருக்க வேண்டும். நடுநிலைப் பள்ளி ஸ்கீ கிளப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற பட்டியலைக் கொண்டுபோனால், ஆண்டுதோறும் புதியவர்கள் வருவார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

இந்தப் பகுதியில் ஸ்கீ அணிகள் பெற்றோர் பணத்தில் ஓடுவது சாதாரணம். பள்ளி தன் பெயரையும் சீருடை நிறத்தையும் மேற்பார்வையையும் தரும்; லிஃப்ட் கட்டணம், போட்டிக் கட்டணம், உதவிப் பயிற்சியாளர் ஊதியம் ஆகியவற்றைப் பெற்றோர் குழு திரட்டும். பள்ளிக்குச் செலவில்லாத திட்டம் என்று முன்வைத்தால் வாரியத்தின் ஒப்புதல் எளிதில் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சுமை ஒவ்வோர் ஆண்டும் யாரோ நான்கைந்து குடும்பங்களின் தோளில்தான் ஏறும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்த வழி கூட்டு அணி. இரண்டு பள்ளிகள் சேர்ந்து ஒரே அணியாகப் போட்டியிட மாநிலச் சங்கம் இடம் தருகிறது. அதற்கு இரு தரப்புக் கல்வி வாரியங்களின் தீர்மானமும், லீக்கின் இசைவும், சங்கத்தின் அனுமதியும் வேண்டும். குளிர்கால விளையாட்டுகளுக்கு இந்த விண்ணப்பம் பனி விழத் தொடங்குவதற்கு வெகு முன்னரே போய்ச் சேர வேண்டும். கோடை விடுமுறையில் அலுவலகங்கள் மந்தமாக இருக்கும் என்பதால், இந்த வசந்தத்திலேயே இரு அத்லெடிக் டைரக்டர்களையும் ஒரு மின்னஞ்சலில் இணைத்துவிடுங்கள். என் கருத்தில், ஆறேழு பேரோடு தனி அணி தொடங்குவதைவிட இரண்டு ஆண்டுகள் கூட்டு அணியில் இருந்து, ஆள் பெருகியதும் பிரிந்துகொள்வதே நடைமுறைக்கு உகந்தது.


பதில் 2: ஒரு பள்ளி அணியின் உதவிப் பயிற்சியாளர்

முதல் பதிலில் நிர்வாகப் பகுதி நன்றாக வந்துவிட்டது. நான் பிள்ளையின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

கிளப் பயிற்சி பெறாதவர்களை எடுப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். எடுப்பார்கள். கூடைப்பந்தைப் போலத் தேர்வு வைத்துப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பும் ஸ்கீ அணிகள் நம் பகுதியில் குறைவு. கட்டுப்பாட்டோடு எந்தச் சரிவிலும் இறங்கி, விரும்பிய இடத்தில் நிற்கத் தெரிந்தால் ஜூனியர் வார்சிட்டி எனப்படும் இரண்டாம் நிலை அணியில் இடம் கிடைத்துவிடும். மாநிலப் போட்டியில் முன்னணியில் வருபவர்களில் பலர் சிறு வயது முதல் கிளப்பில் பந்தயம் ஓடியவர்கள் என்பதும் உண்மைதான்; அவர்களோடு முதல் ஆண்டிலேயே ஒப்பிட்டுக்கொள்ளக் கூடாது. அணிப் புள்ளி கணக்கிடும் முறை புதியவர்களுக்குச் சாதகமானது. ஒவ்வொரு பள்ளியிலும் முன்னால் வந்த 4 பேரின் இடங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைந்த அணி வெல்லும். எனவே மின்னல் வேகத்தில் போய்ப் பாதியில் விழும் ஒருவரைவிட, இரண்டு ஓட்டங்களையும் நிதானமாக முடித்து 20ஆம் இடத்தில் வரும் மாணவி அணிக்குப் பெரிதும் வேண்டப்பட்டவர். எங்கள் அணியில் நான்காவது இடத்துக்கான பெயர் பெரும்பாலும் அப்படிப்பட்ட ஒருவருடையதாகவே இருக்கிறது.

இரு பிரிவுகளின் வேறுபாட்டையும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்லாலம் தடத்தில் கம்பங்கள் நெருக்கமாக இருக்கும். ஒரு திருப்பத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 10 மீட்டர்தான். கம்பத்தின் அடியில் கீல் இருப்பதால் இடித்தால் சாய்ந்து மீண்டும் நிமிரும். தேர்ந்தவர்கள் கம்பத்தைச் சுற்றிப் போகாமல், கால்களை மட்டும் அதன் வெளிப்பக்கம் விட்டு, கையாலும் கால் முன்னெலும்புக் காப்பாலும் கம்பத்தைத் தள்ளிவிட்டு நேர்கோட்டுக்கு நெருங்கிச் செல்வார்கள். அதற்காகத்தான் ஹெல்மெட்டின் முன்னால் தாடைக் கம்பி, கால் முன்னெலும்புக்குக் காப்பு, கையில் பிடிக்கும் ஸ்கீ கோலின் கைப்பிடிக்கு முன்னால் பிளாஸ்டிக் தடுப்பு எல்லாம் பூட்டுகிறார்கள். ஜெயன்ட் ஸ்லாலமில் இடைவெளி அதைப்போல இரு மடங்குக்கு மேல். இரண்டு கம்பங்களுக்கு நடுவே துணிப் பலகை கட்டியிருக்கும். வேகம் கூடுதல், திருப்பம் நீளம். புதியவர்களுக்கு ஜெயன்ட் ஸ்லாலமே முதலில் கைவரும் என்பது என் அனுபவம். ஸ்லாலமில் கம்பத்துக்குப் பயப்படாமல் இருக்கக் கற்கவே ஒரு பருவம் ஆகலாம். நாங்கள் முதலில் முழங்கால் உயரமே உள்ள குட்டைக் கம்பங்களை நட்டுப் பழக்குகிறோம். கால்களின் பாதை சரியான பிறகுதான் நெட்டைக் கம்பங்கள் வரும்.

விதிகளில் புதியவர்கள் அதிகம் தகுதியிழப்பது ஒரே இடத்தில்தான். இரு ஸ்கீக்களின் முனைகளும் இரு பாதங்களும் கேட்டின், அதாவது தடத்தில் கம்பங்களால் குறித்த ஒவ்வொரு வாயிலின், கோட்டைக் கடந்தாக வேண்டும். உள்பக்க ஸ்கீ கம்பத்தின் தவறான பக்கம் போய்விட்டால், வெளிப்பக்க ஸ்கீ சரியாகச் சென்றிருந்தாலும் அந்த ஓட்டம் கணக்கில் வராது. ஓடுபவருக்குப் பல நேரங்களில் இது தெரியவே தெரியாது. நல்ல நேரம் என்று மகிழ்ந்து கீழே வந்து நிற்பார், பலகையில் பெயருக்கு நேரே தகுதியிழப்பு என்று எழுதியிருக்கும். பந்தயத்துக்கு முன் தடத்தைப் பார்வையிட அனுமதி உண்டு. அப்போது தடத்தின் ஓரமாகப் பக்கவாட்டில் சறுக்கி இறங்கி மனப்பாடம் செய்ய வேண்டுமே தவிர, கேட்டுகளுக்குள் புகுந்து ஓடிப் பார்த்தால் அதற்கும் தகுதியிழப்புதான்.

கேட் நடுவர்களாக நிற்பது பெரும்பாலும் பெற்றோர்தான். கையில் ஓர் அட்டையும் பென்சிலும் தருவார்கள். பேனா குளிரில் உறைந்துவிடும். உங்கள் பொறுப்பில் உள்ள கேட்டுகளில் யாராவது தவறினால் மார்பு எண், கேட் எண் இரண்டையும் எழுதி, ஸ்கீக்கள் எந்தப் பக்கம் போயின என்பதைக் கோடு போட்டு வரைந்து காட்ட வேண்டும். வேறொரு பள்ளியின் பயிற்சியாளர் முறையிட்டால் அந்தக் கோட்டுப் படம்தான் சாட்சி. பனி தெரியாத ஊரிலிருந்து வந்த பெற்றோர் இந்த விளையாட்டைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. ஒரு மாலை முழுவதும் ஒரே மூன்று கேட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றால், யார் ஸ்கீயின் விளிம்பில் நிற்கிறார், யார் பனியைச் சுரண்டிக்கொண்டு வழுக்குகிறார் என்பது கண்ணுக்குத் தானாகப் பிடிபடும்.

இனி உபகரணம். வாடகைக் கடையில் கிடைக்கும் மென்மையான பூட்டோடு (ஸ்கீ காலணியோடு) பந்தயத்துக்கு வருவதுதான் பெரும் தடை. பணம் குறைவென்றால் ஸ்கீயில் மிச்சம் பிடியுங்கள், பூட்டில் பிடிக்காதீர்கள். காலை அளந்து பொருத்தித் தரும் கடையில் பூட்டைப் புதிதாக வாங்குங்கள்; வளர்ந்துவிடுவாள் என்று ஓர் அளவு பெரிதாக வாங்கினால், பாதம் உள்ளே நகர்ந்து, திருப்பும் ஆணை ஸ்கீக்குப் போய்ச் சேரும் முன்பே கேட் கடந்துவிடும். ஸ்கீக்களைப் பழையதாகவே வாங்கலாம். இலையுதிர் காலத்தில் ஸ்கீ கிளப்புகளும் கடைகளும் நடத்தும் பழைய உபகரணச் சந்தைகளில், அண்ணன் அக்காள் பயன்படுத்தி வைத்த பந்தய ஸ்கீக்கள் புதியதன் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கும். முதல் ஆண்டுக்கு ஒரு ஜோடி போதும். ஸ்லாலம் ஸ்கீ உங்கள் மகள் வயதுக்கு ஏறக்குறைய 150 முதல் 155 செ.மீ. வரை இருக்கும், அதை வைத்தே ஜெயன்ட் ஸ்லாலமும் ஓடிவிடலாம், வேகத்தில் சிறிது படபடக்கும், அவ்வளவுதான். சர்வதேசப் போட்டிக்கான 30 மீட்டர் திருப்ப ஆரமுள்ள நீண்ட ஸ்கீயை யாராவது மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். நம் சிறிய குன்றுகளில் அதை வளைக்கும் முன்பே சரிவு முடிந்துவிடும். ஹெல்மெட் காதுகளையும் கடினமான ஓட்டால் மூடுவதாக இருக்கட்டும்.

மிச்சிகனின் தென்பகுதியில் நாம் சறுக்குவது பெரும்பாலும் இயந்திரம் தெளித்த பனியில். அது பகலில் உருகி இரவில் உறைந்து கண்ணாடிபோல் இறுகிவிடும். அதில் நிற்கக் கூரான விளிம்பு வேண்டும். வாரத்துக்கு ஒருமுறையாவது வீட்டுக் கராஜில் ஸ்கீயைக் கவ்வியில் பூட்டி, பக்கவாட்டு விளிம்பை 87 பாகைக் கோண வழிகாட்டியில் அரத்தால் இழுத்து, வைரக் கல்லால் பிசிறு நீக்கி, அடிப்பாகத்தில் மெழுகை உருக்கித் தடவி, ஆறியதும் சுரண்டித் துலக்க வேண்டும். நகத்தை விளிம்பின் மேல் குறுக்கே மெல்ல இழுத்தால் வெள்ளைத் தூள் சீவிக்கொண்டு வர வேண்டும். வந்தால் கூர் சரி. இந்த வேலையைப் பிள்ளையே செய்யப் பழக்குங்கள். விலையுயர்ந்த மெழுகுக்கெல்லாம் தேவையே இல்லை. ஃபுளோரின் கலந்த மெழுகுகள் உலகக் கோப்பைப் பந்தயங்களிலேயே 2023-24 பருவம் முதல் தடை செய்யப்பட்டுவிட்டன.


பதில் 3: மகனை அணிக்கு அனுப்பிய ஒரு தாய்

மேலே இருவரும் ஊக்கமாக எழுதியிருக்கிறார்கள். நான் சற்று மாறுபடுகிறேன். தனி அணி தொடங்கும் எண்ணத்தை இந்த ஆண்டு முற்றிலுமாக விட்டுவிடுங்கள் என்பதே என் யோசனை.

காரணம் காலம். பயிற்சி நவம்பர் நடுவில் பனியில்லாத மைதானத்தில் ஓட்டமும் குதிப்புமாகத் தொடங்கும். டிசம்பரில் குன்று திறந்ததும் வாரத்தில் மூன்று நான்கு மாலைகள் சரிவில். ஜனவரியில் லீக் போட்டிகள் தொடங்கி, பிப்ரவரியில் மண்டலப் போட்டியும் மாத இறுதியில் மாநில இறுதியுமாக எல்லாம் முடிந்துவிடும். அதாவது உண்மையில் பனியில் நிற்கும் காலம் பத்துப் பன்னிரண்டு வாரங்கள். அதில் கிறிஸ்துமஸ் விடுமுறை, மழை பெய்து தடம் கரையும் நாட்கள், கடுங்குளிரால் பள்ளியே மூடும் நாட்கள் எல்லாம் போக மிஞ்சுவது கொஞ்சம். இவ்வளவு குறுகிய பருவத்தில் பயிற்சியாளரைத் தேடி, கம்பம் வாங்கி, லீக்கில் இடம் கேட்டு நிற்பதில் உங்கள் மகளின் 9ஆம் வகுப்பு கழிந்துவிடும். பிள்ளை சறுக்க வேண்டிய நேரத்தில் பெற்றோர் கூட்டம் நடத்திக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பக்கத்துப் பள்ளியோடு கூட்டு அணிக்கு முயலுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் குன்றிலேயே நடக்கும் இளையோர் பந்தயப் பயிற்சியில் ஓர் ஆண்டு சேர்த்துவிடுங்கள். பொழுதுபோக்காகச் சறுக்குபவர்களுக்கென்று 1968இல் தொடங்கிய நாஸ்டார் பந்தயம் உங்கள் குன்றில் நடக்கிறதா என்றும் விசாரியுங்கள். அதில் யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்தி ஓடலாம். வயது, பால் அடிப்படையில் ஒப்பீட்டுப் புள்ளி தருவார்கள். கம்பங்களுக்கு இடையே ஓடுவது தனக்குப் பிடிக்கிறதா என்பதை அவள் அங்கேயே தெரிந்துகொள்வாள். சுதந்திரமாகச் சறுக்கப் பிடித்த பல பிள்ளைகளுக்கு, ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப இறங்கி நூறில் ஒரு பங்கு வினாடிக்காகப் போராடுவது அலுத்துவிடுகிறது.

கிளப், பள்ளி இரண்டிலும் ஒரே பருவத்தில் ஓடும் எண்ணம் வந்தால் ஒரு எச்சரிக்கை. பள்ளிப் பருவம் தொடங்கிய பிறகு வெளிப் போட்டிகளில் கலந்துகொள்வதற்கு மாநிலச் சங்கம் வரம்பு வைத்திருக்கிறது. மீறினால் பள்ளி அணியில் ஓடும் தகுதி போய்விடும். பதிவு செய்யும் முன் அத்லெடிக் டைரக்டரிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலாக வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவப் பரிசோதனைப் படிவத்திலும் தேதி பாருங்கள். அந்தக் கல்வியாண்டுக்கு முந்தைய ஏப்ரல் 15 அல்லது அதற்குப் பிறகு செய்த பரிசோதனையே செல்லும். மார்ச்சில் குழந்தை மருத்துவரிடம் போய்விட்டு, நவம்பரில் முதல் நாள் பயிற்சியில் ஓரமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

படிப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம் வீடுகளில் அந்தக் கேள்வி வராமல் போகாது. போட்டி நாளில் பள்ளி முடிந்ததும் கிளம்பினால் இரவு ஒன்பதுக்குத்தான் வீடு திரும்புவார்கள். அடுத்த நாள் கணிதத் தேர்வு இருந்தால் குன்றின் சிற்றுண்டிக் கூடத்தில், ஈரக் கையுறைகளுக்கும் சில்லி கிண்ணங்களுக்கும் நடுவே புத்தகத்தை விரித்துக்கொள்ள வேண்டியதுதான். என் மகன் அதற்குப் பழகிக்கொண்டான்; எல்லாப் பிள்ளைகளாலும் முடியும் என்று சொல்ல மாட்டேன்.


பதில் 4: மின்னசோட்டாவிலிருந்து

எங்கள் மாநில விதிகள் வேறு என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கே 7ஆம் வகுப்பு மாணவர்களே உயர்நிலைப் பள்ளி அணியில் ஓடலாம். அதனால் 9ஆம் வகுப்பில் புதிதாக வருபவர் தன்னைவிட வயதில் சிறியவர்களிடம் தோற்க நேரும். மாநிலப் போட்டி வடக்கே பிவாபிக் அருகிலுள்ள ஜயன்ட்ஸ் ரிட்ஜில் நடக்கும்.

குன்று சிறியது என்று யாரும் தயங்க வேண்டாம் என்பதற்காகவே எழுத வந்தேன். மினியாபொலிஸ் அருகே பர்ன்ஸ்வில்லில் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் பக் ஹில் குன்றின் உயரம் சுமார் 300 அடிதான். எரிக் சைலர் என்ற ஆஸ்திரியப் பயிற்சியாளர் பல பத்தாண்டுகள் அங்கே பிள்ளைகளைப் பழக்கினார். 2010 ஒலிம்பிக்கில் டவுன்ஹில் தங்கம் வென்ற லின்ட்சி வான் அங்கே தொடங்கியவர்தான். உயர மலையில் ஒருமுறை இறங்கி மீண்டும் லிஃப்டில் மேலே போக நெடுநேரம் ஆகும். சிறிய குன்றிலோ ஒரே மாலையில் அதே கேட்டுகளைப் பலமுறை ஓடிவிடலாம். ஸ்லாலமுக்குத் தேவையான கால் வேகம் அப்படித்தான் வருகிறது.


கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பக்கத்துப் பள்ளியின் அத்லெடிக் டைரக்டருக்கும் எங்கள் பள்ளிக்கும் சேர்த்து மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். தனி அணி என்ற பேச்சை மகளிடம் இப்போதைக்கு ஒத்திவைத்திருக்கிறேன். அவள் தோழிகளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். என் கணவரின் முழங்கால் கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. பழைய ஸ்கீ வாங்கலாம் என்றால் அதில் பூட்டியிருக்கும் பைண்டிங் (காலணியை ஸ்கீயோடு இணைக்கும் பிடி) பாதுகாப்பானதா என்றும் கேட்கிறார்.


பதில் 2 எழுதிய பயிற்சியாளர்:

உங்கள் கணவர் சரியான இடத்தில்தான் கேள்வியை வைத்திருக்கிறார். ஆல்பைன் ஸ்கீயில் முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் கிழிவது உண்மையான ஆபத்து. பயிற்சியாளர் என்ற முறையில் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். விழும்போது பின்னால் சாய்ந்து உட்கார்ந்தபடி மீண்டும் எழ முயல்வதில்தான் முழங்கால் முறுக்கிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். விழத் தொடங்கிவிட்டால் எதிர்த்துப் போராடாமல், கைகளை முன்னால் வைத்து, சறுக்கி நிற்கும் வரை படுத்துக்கிடக்க வேண்டும் என்று பருவத்தின் முதல் வாரத்திலேயே சொல்லித் தருகிறோம். நவம்பரில் மைதானத்தில் நடக்கும் குதிப்பு, ஒற்றைக் கால் சமநிலை, தொடையின் பின்தசைப் பயிற்சிகளைப் பிள்ளைகள் அலுப்பாக நினைப்பார்கள். முழங்காலுக்கான முதல் காப்பு அதுதான். அதைத் தவறவிடும் பிள்ளையை நான் கேட்டுகளுக்குள் விடுவதில்லை.

பைண்டிங் விஷயத்தில், பழைய ஸ்கீயை வாங்கியதும் நேராகச் சான்று பெற்ற தொழில்நுட்பர் உள்ள கடைக்குக் கொண்டுபோங்கள். எடை, உயரம், வயது, பூட்டின் அடி நீளம், சறுக்கும் முறை ஆகியவற்றை வைத்து விழும்போது எவ்வளவு விசையில் பூட்டு ஸ்கீயிலிருந்து கழல வேண்டும் என்ற விடுபடும் அளவைக் கணக்கிட்டு, கருவியில் முறுக்கிப் பார்த்துச் சோதிப்பார்கள். பைண்டிங் மிகவும் பழையதாகி, தயாரிப்பு நிறுவனத்தின் பட்டியலிலிருந்து நீங்கியிருந்தால் கடைக்காரர் அதைத் தொடவே மறுப்பார்; அப்படியானால் அந்த ஸ்கீ மலிவில்லை. எனவே சந்தையில் பணம் கொடுக்கும் முன்பே பைண்டிங்கின் பெயரைக் குறித்துக்கொண்டு கடைக்குத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். அவளுடைய பூட்டின் அடிப்பாகம் நடப்பதற்கு வசதியாக வளைந்த ரப்பர் வகை என்றால், பல பந்தய பைண்டிங்குகளில் அது பொருந்தாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

விடுபடும் அளவை எக்காரணம் கொண்டும் பிள்ளைகள் தாமாகக் கூட்டிக்கொள்ள விடாதீர்கள். பந்தயத்தின் நடுவே ஸ்கீ கழன்றுவிட்ட ஆத்திரத்தில், பெட்டியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் திருகும் பழக்கம் பதின்ம வயதினரிடம் உண்டு. எங்கள் அணியில் ஸ்க்ரூ டிரைவர் பயிற்சியாளர் பையில் மட்டுமே இருக்கும்.

கூட்டு அணிக்கு இசைவு கிடைத்ததும், அவர்களுடைய பெற்றோர் கூட்டம் எப்போது என்று கேட்டு வாங்குங்கள். பல அணிகளில் அது அக்டோபரில் நடக்கும். பயன்படுத்திய ஸ்கீக்களையும் பூட்டுகளையும் பெரிய பிள்ளைகளின் குடும்பங்கள் அன்றைக்கே கொண்டுவந்து தருவார்கள், பொதுச் சந்தைக்கு அவை வருவதேயில்லை.